ஒரு துண்டு சால்மனும் ‘பதம்’ என்ற சொல்லும்



செய்முறை விளக்கம் எழுதக் கற்பிப்பது பற்றி இந்த இதழுக்கு ஒரு வளம் தருவதாகச் சொல்லியிருந்தேன். அதை ஒரு மீன் துண்டை வைத்தே சொல்லப் போகிறேன். பாடநூல், பயிற்றி, தேர்வுத்தாள் எல்லாம் வைத்துப் பல ஆண்டுகள் கற்பித்தும் நான் கவனிக்காத ஒரு குறையை, அந்த மீன் துண்டுதான் எனக்குக் காட்டிக் கொடுத்தது. சமைக்க மட்டும் கற்றுக்கொள்ள விரும்புபவர்களும் தாராளமாகப் படிக்கலாம். ஒரே ஓர் ஆளுக்கு ஒரு துண்டு சால்மன் சமைக்கும் முறை இதில் முழுதாக இருக்கிறது.

நான் பிரிக்பீல்ட்சில் வாடகை வீட்டில் இருக்கிறேன். அப்பா கிள்ளானில் தனியாக இருக்கிறார். அம்மா தவறி ஒன்றரை வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு அப்பாவுக்கு இதயத்தில் அடைப்பு வந்து, சிகிச்சை முடிந்து வீடு திரும்பினார். பொரித்தது, வறுத்தது குறைக்க வேண்டும், வாரம் இரண்டு முறையாவது மீன் சாப்பிடலாம் என்று உணவு ஆலோசகர் சொன்னார். அப்பாவுக்குச் சமைக்கத் தெரியாது. ஆள் வைத்துச் சமைக்கவும் சம்மதிக்கவில்லை. சரி, முள் இல்லாத மீன், சீக்கிரம் வேகும் மீன் என்று பேரங்காடியில் ஒரு சால்மன் துண்டு வாங்கிக் கொடுத்து, செய்முறையை ஒரு தாளில் எழுதி ஐஸ் பெட்டியில் ஒட்டிவிட்டு வந்தேன்.

அன்று இரவே போன் வந்தது. “ஏம்மா, மிதமான தீயில் வைத்து, பதம் வந்ததும் இறக்கவும்னு எழுதியிருக்க. பதம்னா என்னம்மா? உங்கம்மாவுக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரியும்?”

அதற்குள் அவர் மீனைக் கெம்போங் வறுக்கிற மாதிரி கால் மணி நேரம் போட்டு எடுத்திருந்தார். மீன் மரத்தூள் மாதிரி ஆகிவிட்டது. மேலெல்லாம் வெள்ளையாக ஏதோ வழிந்திருந்ததைப் பார்த்து, மீன் கெட்டுப் போய்விட்டது என்று குப்பையில் கொட்டிவிட்டு, ரொட்டியை மைலோவில் தொட்டுச் சாப்பிட்டிருக்கிறார்.

நான் தமிழாசிரியை. என் தாளில் எழுத்துப் பிழையில்லை, சந்திப் பிழையில்லை. ஆனாலும் அதைப் படித்த ஒருவர் பட்டினியாகப் படுத்தார்.

முதலில் பெயரைச் சரிசெய்வோம்

சால்மனுக்குத் தமிழில் என்ன பெயர் என்று மாணவர்கள் கேட்பார்கள். தேடிப் பார்த்தால் சில இடங்களில் ‘காலா மீன்’ என்று வரும். அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். தமிழ்நாட்டில் காலா என்பது நம் ஊரில் ‘குராவ்’ என்று விற்கும் மீனின் இனம். வணிகத்தில் அதற்கு ‘இந்திய சால்மன்’ என்று பெயர் வைத்துவிட்டதால் வந்த குழப்பம் இது. இரண்டும் வெவ்வேறு குடும்பத்து மீன்கள். குராவ் வெள்ளைச் சதை உள்ள வெப்பக் கடல் மீன். நாம் இங்கே பெரும்பாலும் வாங்குவது அட்லாண்டிக் சால்மன், குளிர்ந்த நீரில் வாழ்வது, ஆரஞ்சு நிறச் சதை. எனவே ‘சால்மன்’ என்று ஒலிபெயர்த்து எழுதுவதே சரி. இல்லாத உறவை ஏற்படுத்தும் தமிழ்ப் பெயரைவிட, குழப்பமில்லாத கடன்சொல் மேல்.

இந்த மீன் மலாக்கா நீரிணையில் கிடைக்காது. கடலில் கூண்டு போட்டு வளர்க்கும் முறை 1970இல் நார்வேயின் ஹித்ரா தீவில் வெற்றி பெற்றது. இன்று உலகில் அதிகமாக அட்லாண்டிக் சால்மன் வளர்க்கும் நாடு நார்வே. சிலியும் ஆஸ்திரேலியாவின் தஸ்மேனியாவும் வளர்க்கின்றன. விமானத்தில் ஐஸோடு வருவதால்தான் அந்த விலை. அந்த விலைக்காகத்தான் வீணாக்கக் கூடாது என்கிறேன்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சால்மனில் உள்ள ஓமேகா-3 கொழுப்பு நம்ம கெம்போங்கிலும் உண்டு. சால்மன் வாங்கினால்தான் உடம்பு தேறும் என்பதில்லை. அப்பாவுக்கு நான் சால்மன் தேர்ந்தெடுத்தது முள்ளுக்காகவும், ஒரு துண்டாக வாங்க முடிவதற்காகவும்தான்.

வாங்கும்போது

ஓர் ஆளுக்கு 150 முதல் 180 கிராம் போதும். வால் பக்கத் துண்டு மெலிந்து போகும், ஒரு முனை காய்ந்துவிடும், மறுமுனை வேகாது. நடுப் பகுதியில், எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே கனம் உள்ள துண்டாகக் கேளுங்கள். தோலோடு வாங்குங்கள். தோல்தான் சதைக்கும் சூட்டுக்கும் நடுவே நிற்கும் கேடயம். விரலால் அழுத்தினால் குழி விழாமல் மீண்டும் எழும்ப வேண்டும். வாடை கடல்நீர் மாதிரி லேசாக இருக்கலாம், மூக்கைத் திருப்ப வைக்கக் கூடாது. அட்டையில் ‘முன்பு உறைய வைக்கப்பட்டது’ என்று இருந்தால் திரும்பவும் உறைய வைக்காதீர்கள், அன்றோ மறுநாளோ சமைத்துவிடுங்கள்.

கேஎல் சென்ட்ரலில் இருந்து கிள்ளானுக்குக் கொமுட்டரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். நம் ஊர் வெயிலில் மீனை வெறும் பிளாஸ்டிக் பையில் கொண்டு போகக் கூடாது. ஐஸ் கட்டி வைத்த குளிர்காப்புப் பை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மீனைக் கடைசியில் வாங்குங்கள், முதலில் வாங்கிக்கொண்டு துணிக்கடை சுற்றாதீர்கள்.

உறைந்த துண்டாக இருந்தால், முதல் நாள் இரவே ஃப்ரீசரில் இருந்து எடுத்துக் கீழ்த்தட்டில் ஒரு தட்டில் வையுங்கள். காற்று நீக்கி ஒட்டிய பை என்றால், பையைக் கிழித்துவிட்டு வையுங்கள். காற்றில்லாத இடத்தில் வளரும் ஆபத்தான கிருமிகள் உண்டு. சிங்க்கில் வெளியே வைத்து உருக விடுவது வேண்டாம்.

சமைப்பதற்கு முன்

நம் வீடுகளில் மீன் வாங்கியதும் புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்த்துக் கழுவுவோம். அதற்கு நல்ல காரணம் உண்டு. கடல் மீன் பழசாகும்போது அதில் உருவாகும் ஒரு காரப்பொருள்தான் கவிச்சி வாடை. புளிப்பு அதைக் கட்டிப் போட்டுவிடும். ஆனால் புதிய சால்மனில் அந்த வாடை குறைவு. புளிப்பில் ஊறினால் மேல்சதை வேகாமலே வெளுத்து இறுகிவிடும். ஆகையால் கழுவ வேண்டாம், எலுமிச்சையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது நான்குதான்.

ஒன்று: விரல் நுனியால் சதையைத் தடவிப் பாருங்கள். ஊசி மாதிரி முள் தட்டுப்பட்டால், சுத்தமான இடுக்கியால் அது சாய்ந்திருக்கும் திசையிலேயே இழுங்கள். எதிர்த்திசையில் இழுத்தால் சதை கிழியும். தோலில் செதில் இருந்தால் கத்தி முதுகால் சுரண்டி விடுங்கள்.

இரண்டு: கால் தேக்கரண்டி உப்பை இரு பக்கமும் தூவி, 15 நிமிடம் ஐஸ் பெட்டியில் வையுங்கள். இதயம், இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மருத்துவர் சொன்ன அளவுக்கு உப்பைக் குறையுங்கள்.

மூன்று: வெளியே எடுத்து, சமையல் டிஸ்யூவால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். தோல் பக்கத்தை இரண்டு முறை ஒற்றுங்கள். ஈரம் இருந்தால் சட்டியின் சூடு முதலில் அந்த நீரை ஆவியாக்கவே செலவாகும். அதுவரை தோல் அவியுமே தவிர மொறுமொறுப்பாகாது, சட்டியிலும் ஒட்டிக்கொள்ளும்.

நான்கு: கால் தேக்கரண்டி மஞ்சள்தூள், கால் தேக்கரண்டி மிளகாய்த்தூள், ஒரு சிட்டிகை மிளகுத்தூள், அரைத் தேக்கரண்டி எண்ணெய். குழைத்துச் சதைப் பக்கம் மட்டும் மெல்லிசாகத் தடவுங்கள். தோல் பக்கம் மசாலா வேண்டாம். அந்தப் பக்கம்தான் நீண்ட நேரம் சூட்டில் இருக்கும், தூள் கருகிக் கசந்துவிடும்.

அடுப்பில்

ஒட்டாத சட்டியோ நன்றாகப் பழகிய தோசைக்கல்லோ போதும். அடுப்பை மிதமாக வைத்து ஒரு தேக்கரண்டி எண்ணெய் விடுங்கள். ‘மிதம்’ என்றால், மீனை வைத்தவுடன் ‘ஸ்ஸ்’ என்று ஒரே சீராகச் சத்தம் வர வேண்டும். சத்தமே இல்லையென்றால் சூடு போதாது. படபடவென்று எண்ணெய் தெறித்துப் புகை வந்தால் சூடு அதிகம்.

தோல் பக்கம் கீழே இருக்க மீனை வையுங்கள். தோல் சூட்டில் சுருங்கி வளையும், ஆகவே தோசைத் திருப்பியால் 10 விநாடி மெதுவாக அழுத்திப் பிடியுங்கள். அதற்குப் பிறகு தொடாதீர்கள். நகர்த்தாதீர்கள், தூக்கிப் பார்க்காதீர்கள். ஒட்டினால் இழுக்காதீர்கள். தோல் நன்றாக முறுகியதும் அதுவே விட்டுவிடும்.

இப்போது மீனின் பக்கவாட்டைப் பாருங்கள். பச்சை மீன் ஈரமான ஆரஞ்சு நிறத்தில், கொஞ்சம் கண்ணாடி மாதிரி இருக்கும். வெந்த பகுதி வெளிறிய இளஞ்சிவப்பாக, ஒளி புகாததாக மாறும். அந்த வெளிறிய நிறம் கீழிருந்து மேலே ஏறும், கிளாஸில் தண்ணீர் ஏறுகிற மாதிரி. முக்கால் பாகம் ஏறும் வரை காத்திருங்கள். நடுவில் இரண்டரை சென்டிமீட்டர் கனமுள்ள துண்டுக்கு ஏறக்குறைய 6 அல்லது 7 நிமிடம் ஆகும்.

பிறகு மெதுவாகத் திருப்புங்கள். மசாலா பக்கம் ஒன்றரை முதல் 2 நிமிடம். தட்டில் எடுத்து வைத்து 2 நிமிடம் ஆறவிடுங்கள். வெளியே உள்ள சூடு உள்ளே போய்க்கொண்டே இருக்கும், அடுப்பை விட்டு இறங்கிய பிறகும் மீன் வேகிறது.

இதுதான் பதம்: தடித்த இடத்தில் முள்கரண்டியை விட்டு லேசாகத் திருகினால், சதை இதழ் இதழாகப் பிரிய வேண்டும். உள்ளே கண்ணாடி போன்ற பகுதி இருக்கக் கூடாது, ஆனால் ஈரம் மினுமினுக்க வேண்டும். பிரிய மறுத்தால் இன்னும் ஒரு நிமிடம். பிரிந்தும் உள்ளே காய்ந்திருந்தால் நேரம் தாண்டிவிட்டது. உணவு வெப்பமானி இருந்தால் நடுச்சதையில் 63 பாகை செல்சியஸ். உணவகங்களில் இதற்கும் குறைவாக எடுப்பார்கள். முதியவர்கள், கர்ப்பிணிகள், சிறு பிள்ளைகள், நோயிலிருந்து தேறுபவர்கள் இருக்கும் வீட்டில் 63 பாகையை விட்டுக் கொடுக்க வேண்டாம். சமைப்பதற்காக விற்ற துண்டைப் பச்சையாகச் சாப்பிடவும் வேண்டாம்.

அந்த வெள்ளை என்ன?

அப்பா குப்பையில் கொட்டக் காரணமான அந்த வெள்ளைப் பொருள் கெடுதல் இல்லை. அது அல்புமின் என்ற புரதம். மீன் தசை சூட்டில் சுருங்கும்போது உள்ளிருக்கும் நீரோடு இதுவும் பிதுங்கி வெளியே வந்து, முட்டை வெள்ளைக்கரு மாதிரி உறைகிறது. கொஞ்சம் வருவது இயல்பு. நிறைய வந்தால், சூடு அதிகம் அல்லது நேரம் அதிகம் என்று மீன் நமக்குச் சொல்கிறது.

கோழி, ஆட்டிறைச்சியைப் போல மீனுக்கு நீண்ட நேரம் ஏன் தேவையில்லை? மீனின் தசை சின்னச் சின்ன அடுக்குகளாக இருக்கிறது. அடுக்குகளை இணைக்கும் சவ்வு மிகக் குறைவு, அது சீக்கிரமே கரைந்துவிடும். அதனால்தான் வெந்த மீன் இதழ் இதழாகப் பிரிகிறது. மேலும் நேரம் கொடுத்தால் மென்மையாவதில்லை, தசை இன்னும் சுருங்கி நீரை இழந்து காய்கிறது. ஆட்டுக்கறியில் நேரம் நண்பன், மீனில் நேரம் எதிரி.

வேறு வழிகள்

எண்ணெயே வேண்டாம் என்றால் அவியுங்கள். தட்டில் இஞ்சிக் கீற்று பரப்பி, மேலே மீனை வைத்து, நீர் நன்றாகக் கொதித்த பிறகு 7 அல்லது 8 நிமிடம். ஏர் பிரையரில் 180 பாகையில் 8 முதல் 10 நிமிடம். குழம்பில் போடுவதானால், புளியும் மசாலாவும் கொதித்துப் பச்சை வாடை போன பிறகு துண்டுகளை இறக்கி, தீயைக் குறைத்து 5 நிமிடம், கரண்டியால் கிளறாமல் சட்டியைப் பிடித்து ஆட்டுங்கள். எந்த முறையானாலும் முள்கரண்டி சோதனை ஒன்றுதான்.

மிஞ்சினால் 2 மணி நேரத்துக்குள் ஐஸ் பெட்டியில் வையுங்கள். மறுநாள் உதிர்த்து, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்துச் சுறாப்புட்டு மாதிரி கிளறினால் அருமையாக இருக்கும். கஸ்தூரி எலுமிச்சையை அப்போது பிழியுங்கள்.

இனி வகுப்பறைக்கு வருவோம்

அப்பாவுக்கு இரண்டாவது தாள் எழுதியபோதுதான் ஒன்று புரிந்தது. ‘பதம்’, ‘தேவையான அளவு’, ‘மிதமான தீ’, ‘நன்றாக வதக்கவும்’ இவையெல்லாம் ஏற்கெனவே தெரிந்தவர்கள் தெரிந்தவர்களுக்கு எழுதும் சொற்கள். பக்கத்தில் நின்று பார்த்துக் கற்ற காலத்தில் அது போதும். அம்மா அடுப்பருகே நின்று சொல்லும்போது, சொல்லின் மீதியை அவர் கை சொல்லிவிடும். பக்கத்தில் ஆள் இல்லாதபோது அந்த மீதியையும் எழுத்துதான் சொல்ல வேண்டும். மாணவர்களின் கட்டுரையிலும் இதே குறைதான். நான் பிழை திருத்தினேனே தவிர, “இதைப் படித்து ஒருவன் செய்ய முடியுமா?” என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

படிவம் 2 வகுப்பில் நான் செய்த நடவடிக்கை இது. இரண்டு பாடவேளை போதும். அடுப்பு தேவையில்லை.

முதல் பாடவேளையில் ஒவ்வொருவரும் எலுமிச்சைச் சாறு கலக்கும் முறையை எழுதுவார்கள். இரண்டாம் பாடவேளையில் தாள்களை மாற்றி, எழுதியிருப்பதை மட்டும், எழுதியிருக்கும்படியே இன்னொரு மாணவர் செய்வார். எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. என் வகுப்பில் ஒரு தாளில் ‘எலுமிச்சையைப் பிழியவும்’ என்று மட்டும் இருந்தது. செய்தவன் நறுக்காமலே முழுப் பழத்தைப் பிழிந்துகொண்டு நின்றான். இன்னொன்றில் விதை எடுப்பது பற்றிப் பேச்சே இல்லை. வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு யாரையும் திருத்தி எழுதச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவர்களே தாளைத் திரும்பக் கேட்டார்கள்.

திருத்தி எழுதும்போது ஒவ்வொரு படிக்கும் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். எவ்வளவு? எது வரை? ஏன்? ‘எது வரை’ என்பதற்குக் கண், காது, மூக்கு, கை ஆகியவற்றில் ஏதாவது ஒன்றுக்குத் தெரியும் அடையாளம் இருக்க வேண்டும். ‘ஏன்’ தெரிந்தவன் சட்டி மாறினாலும், துண்டு சின்னதானாலும் சமாளித்துக்கொள்வான்.

இலக்கணத்தையும் இங்கேயே சேர்த்துவிடலாம். ‘ஒற்றி, தடவி, வைத்து’ என்ற வினையெச்சங்கள் வரிசையைக் காட்டும். ‘ஒட்டினால், பிரிய மறுத்தால்’ என்ற நிபந்தனை எச்சங்கள் தவறு நடக்கும்போது என்ன செய்வது என்று காட்டும். மாணவர் கட்டுரைகளில் முதல் வகை நிறைய இருக்கும், இரண்டாம் வகை அநேகமாக இருக்காது. குறைந்தது இரண்டாவது இருக்க வேண்டும் என்று விதி வையுங்கள்.

சொல்வளத்துக்கு: வறு, பொரி, வாட்டு, வதக்கு, அவி, சுடு. ஆறுக்கும் வேறுபாடு கேளுங்கள். எண்ணெய் எவ்வளவு, நீர் உண்டா, நெருப்பு நேரடியா என்ற மூன்றை வைத்து அட்டவணை போட்டால் போதும். நாம் மேலே சால்மனுக்குச் செய்தது பொரித்தல் இல்லை, வாட்டுதல்.

என் வகுப்பில் மிகச் சிறந்த கட்டுரை வந்தது, வழக்கமாகக் குறைந்த புள்ளி வாங்கும் ஒரு மாணவியிடமிருந்து. அம்மா இரவு ஷிப்ட் போவதால் தம்பிகளுக்கு அவள்தான் சமைக்கிறாளாம். வீட்டு வேலையாகக் கொடுத்த முட்டைப் பொரியல் கட்டுரையில், “ஓரம் சரிகை மாதிரி முறுகியதும் தீயை அணைக்கவும், கல்லின் சூட்டிலேயே நடு வெந்துவிடும்” என்று எழுதியிருந்தாள். எனக்கு அதைவிட நல்ல வாக்கியம் எழுத வராது.

அப்பா இப்போது வாரம் ஒரு முறை சால்மன், மற்ற நாளில் கெம்போங் அவித்துச் சாப்பிடுகிறார். போன ஞாயிறு போனில், “ஏழு நிமிஷம்னு எழுதியிருக்க, எனக்கு ஆறு நிமிஷத்திலேயே வந்துடுச்சும்மா” என்றார்.

“எப்படிப்பா தெரிஞ்சுது?”

“அதான் நிறம் ஏறுச்சே, பார்த்தேன்.”

தாளில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: மணியைவிட நிறத்தை நம்புங்கள்.

உங்கள் வகுப்பில் இந்த நடவடிக்கையைச் செய்து பார்த்தால், எந்தப் படியில் மாணவர்கள் தடுமாறினார்கள் என்று அடுத்த இதழுக்கு எழுதி அனுப்புங்கள். எல்லாருக்கும் பயன்படும்.